தூண்டில் ரீலும் கடிகாரக் கைவினைஞரும்

கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசைமீது கண்ணாடிக் கிண்ணத்தால் மூடப்பட்டுக் கிடக்கும் சின்னஞ்சிறு பற்சக்கரங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவற்றையொத்த சக்கரங்கள், ஏறத்தாழ அதே நுணுக்கத்துடன், மீன்பிடிக்கும் தூண்டிற்கோலிலும் குடிகொண்டிருக்கின்றன என்பது நம்மிற் பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். கடிகாரத்திற்கும் தூண்டிலுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு வரலாறு தரும் விடை சுவையானது. தூண்டிலின் நூலைச் சுற்றும் ரீலைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர்கள் கடிகாரக் கைவினைஞர்களே.

இங்கே நாம் பேசப்போவது இரையை வீசுவதற்கென்று அமைந்த ரீலைப் பற்றி. இதன் நடுவே கோலுக்குக் குறுக்காக ஓர் உருளை கிடக்கும். நூல் அதன்மீது சுற்றப்பட்டிருக்கும். வலப்புறத்திலோ இடப்புறத்திலோ ஒரு கைப்பிடி. கைப்பிடியின் அச்சில் பெரிய பற்சக்கரம் ஒன்று இருக்கிறது. உருளையின் அச்சில், பட்டறைகளில் பினியன் என்று வழங்கும் சிறு பற்சக்கரம் இருக்கிறது. பெரியது ஒரு முறை சுழன்றால் சிறியது நான்கு முறை சுழலும்படி பற்களின் எண்ணிக்கையை அமைத்துவிட்டால், கை ஒரு சுற்றுச் சுற்ற, நூல் நான்கு சுற்று ஏறும். அதனால்தான் இதனைப் பெருக்கும் ரீல் என்று அழைத்தார்கள். இக்காலத்து ரீல்களில் இந்த விகிதம் ஐந்து, ஆறு, ஏழு என்று உயர்ந்திருக்கிறது.

ரீலின் பூர்வ கதை கிழக்கே தொடங்குகிறது. சீனத்தின் தென் சூங் அரசர் காலத்து ஓவியரான மா யுவான், 1195-ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டியதாகக் கருதப்படும் ஓவியம் ஒன்றில், குளிர்கால ஏரியில் தனிப்படகில் அமர்ந்திருக்கும் மீன்பிடிப்பவர் ஒருவரைக் காண்கிறோம். அவர் கையிலுள்ள கோலில் சிறு சக்கரம் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அதே நூற்றாண்டில் நம் நாட்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், மத்ஸ்ய விநோதம் என்ற பகுதி தூண்டிற் பொழுதுபோக்கிற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. மீன் வகைகள், அவற்றிற்கு இடும் இரைகள், கோல், கயிறு ஆகியவை அதில் விளக்கமாகக் கூறப்பட்டுள்ளன. அரசனே அமர்ந்து எழுதும் அளவிற்குத் தூண்டிற் கலை அன்றே மதிப்புப் பெற்றிருந்தது.

மேற்கே, இங்கிலாந்தில், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியான தூண்டில் நூல்களில் ரீலைப் பற்றிய குறிப்புகள் தோன்றுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் கடைகளில் பெருக்கும் ரீல்களும் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவை நற்பெயர் எடுக்கவில்லை. பித்தளைப் பற்கள் மெல்லியவை. பெரிய மீன் இழுக்கும்போது அவை வளைந்தன, இறுகிக்கொண்டன, சில சமயம் ஒடிந்தன. ஆகவே ஆங்கிலேயர் பலர் பற்சக்கரமே இல்லாத எளிய ரீலுக்குத் திரும்பினர். சக்கரத்தின் பல் சரியில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு நல்ல கருத்து பல ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தது.

அதற்குப் புத்துயிர் அளித்தது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். அங்குள்ள ஓடைகளிலும் ஆறுகளிலும் பாஸ் என்னும் மீன் மிகுதி. அது சிறு மீன்களை விரட்டி விழுங்கும் இயல்புடையது. எனவே உயிருள்ள சிறு மீனையே இரையாகக் கோத்து, கரையிலிருந்து தொலைவில் மெல்ல வீச வேண்டும். இரையின் எடையோ மிகச் சொற்பம். அந்தச் சொற்ப எடை இழுத்தாலே உருளை தங்குதடையின்றிச் சுழன்று நூலை விட்டுக்கொடுக்க வேண்டும். மீன் சிக்கியபின் அதே உருளை விரைந்து நூலைச் சுற்றவும் வேண்டும். உராய்வைக் குறைத்து, அச்சுகளை நுனியில் தாங்கி, பற்களை ஒன்றோடொன்று இணங்கச் செய்யும் இந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது? கொல்லன் உலைக்களத்தில் நடக்கிற காரியம் அன்று இது. கடிகாரக்காரர்தாம் இதற்கு உரியவர்.

கென்டக்கியிலுள்ள பாரிஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் கடிகாரமும் வெள்ளிச் சாமான்களும் செய்து பிழைத்தவர். பென்ஸில்வேனியாவிலிருந்து வந்து குடியேறியவர் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் தமக்கும் தம் நண்பர்களுக்குமாகச் செய்த சில ரீல்களே கென்டக்கி ரீல் மரபின் தொடக்கம். பிறந்த இடத்தில் கற்ற கைத்தொழிலை வந்த இடத்தின் தேவைக்கு ஏற்பத் திருப்பிக் கொண்டவர் அவர். ஊர் விட்டு ஊர் வந்து தொழிலை ஊன்றுகோலாகக் கொண்டு வாழும் நம்மவர்க்கு இந்தச் செய்தி அந்நியமானதாகத் தோன்றாது.

அவருக்குப் பின் பிராங்க்போர்ட் நகரில் ஜானதன் பிளெமிங் மீக், அவருடைய தம்பி பெஞ்சமின் பிராங்க்ளின் மீக் ஆகிய இரு கடிகாரக்காரர்கள் 1830-களில் ரீல் செய்யத் தொடங்கினார்கள். மேசன் பிரௌன் என்ற நீதிபதி தமக்கொரு ரீல் வேண்டுமென்று கேட்டதே அதற்குத் தூண்டுதலாக இருந்ததென்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர்களிடம் தொழில் பழகிய பெஞ்சமின் மிலம் பிறகு பங்காளியாகி, பின்னர்த் தனியாகவும் புகழ் பெற்றார். இளைய மீக் 1882-இல் லூயிவில் நகருக்குச் சென்று தம் மக்களுடன் தொழில் நடத்தினார். மிசௌரி மாநிலத்து நெவாடா என்னும் ஊரில் வில்லியம் டால்பட் என்ற நகைக்கடைக்காரரும் இதே மரபைத் தொடர்ந்தார். குருவிடமிருந்து சீடனுக்கும், தந்தையிடமிருந்து மகனுக்குமாக இந்தக் கலை கைமாறி வந்தது.

இவர்களுடைய ரீல்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் சிறு எண் ஒன்றைப் பொறித்தார்கள். அந்தத் திருகாணி எந்தத் துளைக்கு உரியதோ அந்தத் துளையருகிலும் அதே எண் பொறிக்கப்பட்டிருக்கும். காரணம் எளிது. ஒவ்வொரு திருகாணியும் அதன் துளைக்கென்றே அராவிப் பொருத்தப்பட்டது. மூன்றாம் எண் திருகாணியை ஐந்தாம் துளையில் இட்டால் அது சரியாக அமராது. பற்சக்கரங்களும் அவ்வாறே. இந்த ரீலின் பெரிய சக்கரம் இந்த ரீலின் பினியனுக்கு மட்டுமே இணை. பல் தேய்ந்தால் செய்தவரிடமே கொண்டுபோக வேண்டும். அவர் மறைந்துவிட்டால் அவருக்கு நிகரான வேறொரு கைவினைஞரைத் தேட வேண்டும். அழகும் உறுதியும் அவற்றில் இருந்தன. ஆனால் பழுது நீக்கும் உரிமை சிலர் கையில் மட்டுமே இருந்தது. விலையும் எளியவர்க்கு எட்டாதது.

ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் பாஸ் மீனைப் பற்றி 1881-இல் வெளியிட்ட நூல், இந்த மீன்பிடிக் கலையை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. தேவை பெருகியது. மேசைமுன் அமர்ந்து அராவிய கைகளால் அந்தத் தேவைக்கு ஈடு கொடுக்க இயலவில்லை. பற்களை இயந்திரத்தால் வெட்டும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஒரே அளவில் ஆயிரம் சக்கரங்கள் வெட்டப்படும்போது, எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தாலும் பொருந்தும். எண் பொறித்த திருகாணிக்கு இனி வேலையில்லை. ஒன்று போனால் இன்னொன்று என்ற நிலை வந்தது. பழுதுநீக்கும் வரலாற்றில் இது பெரியதொரு மாறுதல்.

இந்தக் காலத்தில்தான் வில்லியம் ஷேக்ஸ்பியர் அரங்கிற்கு வருகிறார். நாடகாசிரியர் அல்லர். மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ நகரில் 1897-இல் நிறுவனம் தொடங்கியவர். நூல் உருளையின் ஒரே பக்கத்தில் குவியாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சீராகப் படியும்படி செய்யும் அமைப்பு ஒன்றிற்கு அவர் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் மீன்பிடிப்பவரே கட்டைவிரலால் நூலை இங்குமங்கும் நகர்த்திச் சமமாக்க வேண்டியிருந்தது. நூல் தாறுமாறாகப் படிந்தால் அடுத்த வீச்சில் சிக்கு விழும். சிக்கை அவிழ்ப்பதிலேயே மாலைப்பொழுது கழியும்.

சீராகப் படியவைக்கும் அமைப்பு காண்பதற்கு இனியது. உருளைக்கு முன்னால் ஒரு மெல்லிய தண்டு. அதில் வலமாகச் செல்லும் மரைப்பள்ளமும் இடமாகச் செல்லும் மரைப்பள்ளமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடி, இரு கோடிகளிலும் வளைந்து இணைந்துவிடுகின்றன. அந்தப் பள்ளத்தில் பிறைவடிவமான சிறு நாக்கு ஒன்று அமர்ந்திருக்கும். தண்டு ஒரே திசையில் சுழல, நாக்கு பள்ளத்தைப் பின்பற்றிப் போய், கோடியில் திரும்பி, மீண்டும் வரும். நூலைத் தாங்கும் வளையம் அதனுடன் செல்லும். தண்டைச் சுழற்றுவது இன்னொரு சிறு பற்சக்கரம். நெல்லளவு நாக்கு ஒன்று தேய்ந்துவிட்டால் முழு ரீலும் பயனற்றதாகிவிடும்.

கடலில் பெருமீன் பிடிப்பவர்களின் இன்னல் வேறு. மீன் பாயும்போது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களைத் தாக்கும். கலிபோர்னியாவின் கட்டலினா தீவுக்கு அருகே வில்லியம் போஷன் என்பவர் 1913-இல் வாள்மீன் ஒன்றைப் பிடித்தார். அவர் பயன்படுத்திய ரீலில், பெரிய பற்சக்கரத்தோடு வட்டத்தகடுகளை அடுக்கி, மீன் இழுக்கும்போது உருளை மட்டும் வழுக்கிச் சுழலும்படியும் கைப்பிடி அசையாதபடியும் அமைத்திருந்தார்கள். இன்றுவரை அந்த ஏற்பாடே தொடர்கிறது. சக்கரத்தின் பல்லைக் காப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இழுப்பு எல்லை மீறும்போது தகடு வழுக்குகிறது, பல் ஒடிவதில்லை.

கதை இனி சுவீடனுக்குச் செல்கிறது. அந்நாட்டின் தென்பகுதியில், மோர்ரும் ஆற்றங்கரையில், ஸ்வெங்ஸ்டா என்ற ஊர் உள்ளது. அங்கே 1921-இல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ஊர்ஃபாப்ரிக்கன். சுவீடிஷ் மொழியில் அதற்குக் கடிகாரத் தொழிற்சாலை என்றே பொருள். நிறுவனப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ஆபூ என்று ஆயின. அவர்கள் முதலில் சட்டைப்பைக் கடிகாரம் செய்தார்கள். பிறகு வாடகைக்கார்களில் கட்டணம் காட்டும் மீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஓடாத வாடகைக்காருக்கு மீட்டர் எதற்கு? பற்சக்கரம் வெட்டும் இயந்திரங்களும் கைதேர்ந்த தொழிலாளரும் சும்மா இருக்கலாகாது என்று கருதி, அவர்கள் மீன்பிடி ரீல் செய்யத் தலைப்பட்டனர். கென்டக்கியில் தனி மனிதர் செய்ததைச் சுவீடனில் ஒரு தொழிற்சாலையே செய்தது.

1950-களின் முற்பகுதியில் அவர்கள் வெளியிட்ட அம்பாசிடர் என்னும் ரீல் உலகெங்கும் பரவியது. ஒரு பொத்தானை அழுத்தினால் பினியன் உருளையை விட்டு விலகிக்கொள்ளும். வீசும்போது உருளை மட்டும் சுழலும், கைப்பிடி அசையாது. கைப்பிடியைச் சற்றே திருப்பியவுடன் பினியன் மீண்டும் உருளையைப் பற்றும். அந்நாளில் இந்த ரீலுடன் தோலுறையில் வந்த துணைப்பொருள்களையும் குறிப்பிட வேண்டும். சிறு எண்ணெய்க் குப்பி, திருகுவதற்கு ஒரு கருவி, அவற்றோடு மாற்றுவதற்கென்று ஒரு நாக்கு. உறுப்புகளுக்கெல்லாம் எண் கொடுத்த படமும் உடன் இருந்தது. இது தேயும், தேய்ந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று செய்தவரே சொல்லி அனுப்பியதற்கு ஒப்பாகும் இது. உறுப்புகள் பல, நெடுங்காலம் வடிவம் மாறாமல் தொடர்ந்ததால், தாத்தா வாங்கிய ரீலுக்குப் பேரன் உறுப்பு வாங்கிப் போட முடிந்தது.

ஆபூ பிறந்த அதே 1921-இல் ஜப்பானின் சக்காய் நகரில் ஷிமானோ நிறுவனமும் பிறந்தது. சக்காய் கத்திகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் பெயர்போன பழைய கொல்லர் நகரம். ஷிமானோ செய்தது சைக்கிளின் பின்சக்கரத்திற்குரிய பற்சக்கரம். மிதிக்காமல் இருக்கும்போதும் சக்கரம் ஓட இடங்கொடுக்கும் அந்தச் சிறு பொறியின் நுட்பம், பிற்காலத்தில் அவர்களுடைய மீன்பிடி ரீலுக்கும் துணையாயிற்று. 1978-இல் அவர்கள் வெளியிட்ட பேன்டம் என்னும் சிறிய ரீல், கனமான உலோக ரீல்களுக்கு எடை குறைந்த போட்டியாளராக வந்தது.

இனி, சக்கரம் ஏன் தேய்கிறது, அதனைப் பேணுவது எவ்வாறு என்று பார்ப்போம். பெரிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை உழைக்கும்போது, பினியனின் ஒவ்வொரு பல்லும் நான்கு அல்லது ஐந்து முறை உழைக்கிறது. ஆகவே சிறியதே முதலில் தேயும் இயல்புடையது. பல கம்பெனியார் பெரியதைப் பித்தளையிலும் சிறியதைத் துருப்பிடிக்காத எஃகிலும் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பற்களின் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரியதில் 60 பற்களும் சிறியதில் 15 பற்களும் இருந்தால், ஒரு குறிப்பிட்ட பல் எப்போதும் அதே சில பற்களையே சந்திக்கும். பழுதான பல் ஒன்று இருந்தால் அதே இணைகள் மீண்டும் மீண்டும் அடிபடும். பெரியதில் 61 பற்களை வைத்துவிட்டால், நாளடைவில் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பற்களையும் சந்தித்து, தேய்மானம் பங்கிடப்படும். மாவாலைகளின் மரச்சக்கரங்களை அமைத்த பழங்காலத் தச்சர்களும் இந்த உபாயத்தை அறிந்திருந்தனர்.

இவ்வாறு ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த சக்கரங்களுள் ஒன்றை மட்டும் மாற்றினால், புதியது பழையதோடு இணங்காமல் கரகரக்கும். எனவே பெரியதையும் பினியனையும் சோடியாகவே மாற்றுவது வழக்கம். மாற்றுவதற்கு முன் நோக்க வேண்டியவை சில. கைப்பிடியைச் சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால், முதலில் சக்கரத்தைக் குறை சொல்லலாகாது. உள்ளே உண்மையாகவே மணல் இருக்கலாம். கழற்றி, மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பல் பல்லாகப் பார்க்க வேண்டும். பற்களின் நுனி கூர்த்து மெலிந்திருந்தாலோ, பழைய கிரீஸில் பொன்துகள்போல் பித்தளைப் பொடி மின்னினாலோ சக்கரத்தின் ஆயுள் முடிந்துவருகிறது என்று கொள்ளலாம். பினியன் உருளையைப் பற்றும் இடம் மழுங்கியிருந்தால், பல் நன்றாக இருந்தாலும் இழுக்கும்போது அது நழுவும்.

கழற்றும்போது வெள்ளைத் துணியொன்றை விரித்து, எடுத்த வரிசையிலேயே உறுப்புகளை இடமிருந்து வலமாக அடுக்கி வைப்பது அறிவுடைமை. பினியனைத் தாங்கும் கவைக்கோலின் அடியிலுள்ள சுருள்வில்கள் மூடியைத் தூக்கியவுடன் தாவிப்போகும். கையால் மறைத்துக்கொண்டே மூடியைத் தூக்க வேண்டும். பெரிய சக்கரத்தினுள் அடுக்கிய வட்டத்தகடுகளின் வரிசை மாறினால் பிடிப்பு கெடும். நூல் வழிகாட்டும் வளையம் ஒரு கோடியில் நின்றுவிட்டால், பெரும்பாலும் குற்றம் நாக்கினுடையதே. அதன் மூடியைத் திருகி எடுத்தால் அது கையில் வந்துவிடும். நுனி கத்திபோல் கூர்மையடைந்திருந்தால் புதியதை இடலாம். ஆனால் முதலில் தண்டின் பள்ளத்தில் அடைந்திருக்கும் அழுக்கைத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிடில் புதிய நாக்கும் விரைவில் அதே கதியடையும்.

எண்ணெய் இடுவதில் மிகைதான் பெரும்பகை. பற்களுக்குக் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சு. உருளையின் தாங்கிகளுக்கு இலகுவான எண்ணெய், ஒரு துளி. தாங்கியில் கிரீஸை அடைத்தால் வீச்சின் தூரம் குறையும். பற்களில் இலகு எண்ணெயை இட்டால் அது சிதறிப்போய், பல் உலர்ந்து தேயும். உப்பு நீரில் பயன்படுத்திய ரீலை அன்றே நன்னீரால் மெல்லக் கழுவி உலர்த்த வேண்டும். குழாயடியில் வேகமாகப் பீச்சினால் உப்பும் மணலும் உள்ளே ஏறும்.

நுணுக்கமான பொருளைச் செய்பவர் உள்ளவரை மட்டும் அது வாழ்ந்தால் போதாது. அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்யும் கைகளும் வேண்டும், மாற்றி இடுவதற்கு உறுப்பும் கிடைக்க வேண்டும். இன்று விற்கும் ரீல்கள் பலவற்றில் வடிவம் சில ஆண்டுகளுக்கொரு முறை மாறுகிறது. ஓர் உறுப்பு இன்னொன்றிற்குப் பொருந்துவதில்லை. சில நூறு ரூபாய் பெறும் பினியனுக்காகச் சில ஆயிரம் ரூபாய் பெறும் ரீல் மூலையில் எறியப்படுகிறது. இது ரீலுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. நம் நாட்டில் பெங்களூரில் 1961-இல் ஜப்பானியரின் ஒத்துழைப்புடன் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கைக்கடிகாரத்தை அளித்தது. அந்தக் கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் அரசு முடிவு செய்தது. அதன் கடிகாரங்கள் இன்னும் ஓடுகின்றன என்றால், அதற்குக் காரணம் நடைபாதையோரக் கடைகளில் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, ஒரு கடிகாரத்தின் சக்கரத்தை இன்னொன்றிற்கு மாற்றி இடும் கைவினைஞர்களே.

மத்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022-இல் பழுது நீக்கும் உரிமையைப் பற்றி ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்னும் நான்கு துறைகள் அதன் கவனத்தில் முதலில் இடம்பெற்றன. உறுப்பும் அதற்குரிய படமும் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அந்த உரிமையின் சாரம். தூண்டில் ரீல் அந்தப் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் தோலுறைக்குள் மாற்று நாக்கையும் படத்தையும் வைத்து அனுப்பிய சுவீடன் நாட்டுக் கடிகாரக்காரர்கள், சட்டம் சொல்லாமலே அந்த உரிமையை வாங்கியவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வடக்கேயும் மேற்கேயும் நகரங்களில் வாழும் நம்மவருள் கடிகாரக் கடையிலும் சைக்கிள் பட்டறையிலும் தையல் இயந்திரப் பழுதுக் கடையிலும் உழைப்போர் பலர். விடுமுறை நாளில் ஏரிக்கரைக்கோ கடற்கரைக்கோ தூண்டிலுடன் செல்வோரும் உண்டு. இவ்விருவகையினரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது நல்லது. சுழலாத ரீலை எறிவதற்கு முன் ஒரு முறை அந்த மேசைக்குக் கொண்டு செல்லலாம். ஸ்னைடர் அமர்ந்த மேசையும் அதுபோன்றதுதான்.